சித்தப்பா ஓடிப்போகவில்லை

போன வருடத்துக்கு முந்திய வருடம், ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். தெமோதரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானும் சித்தப்பாவும் பதுளைக்கு பஸ் ஏறினோம். அவர் அப்பாவின் தம்பி. வாலிப வயதில் இராணுவத்தில் சேர்ந்து, வடக்கே ஒரு முகாமின் சமையல்கட்டில் சில வருடங்கள் வேலை செய்தவர். மலையகத் தமிழர்களில் அப்படிப் போனவர்கள் மிகக் குறைவு. ஏன் போனீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார்: "தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி என் கைக்கு நிக்கல, கரண்டி நின்னுச்சு." முழங்காலில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவருக்கு 'ஆமிக்காரர்' என்றுதான் பேர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். உயர்தரம் படித்து, இப்போது தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். சிங்களம் பேசவும் எழுதவும் வரும். லயத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

அன்றைக்கு நாங்கள் போனது, ஓய்வு பெற்ற படையினரின் சங்கத்தில் சித்தப்பாவைச் சேர்த்துவிட. வெள்ளைச் சட்டை, தேய்த்த கால்சட்டை, தலைக்கு எண்ணெய் என்று மாப்பிள்ளை போல வந்திருந்தார். மேசையில் இருந்தவர் அவருடைய இராணுவ இலக்கத்தைக் கேட்டு எங்கோ தொலைபேசியில் விசாரித்தார். பிறகு முகம் மாறியது. விடுமுறையில் போய்த் திரும்பி வராதவர், அதாவது படையை விட்டு ஓடிப்போனவர் என்று பதிவாகியிருப்பதாக, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சித்தப்பா வரிசையை விட்டு வெளியே நடந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார். "நான் எங்க புள்ள ஓடினேன்? மண்ணு சரிஞ்சு ரோடு மூடிக் கெடந்துச்சு. தீவாளிக்கு வந்தவன் பிந்தித்தான் போனேன். பிந்திப் போனதுக்குத் தண்டனையா மூட்டை மூட்டையா வெங்காயம் உரிச்சேனே!"

அவர் முகாமுக்குத் திரும்பி வந்து சேர்ந்ததை யாரோ எழுத மறந்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த கடதாசியோ, கூரைத் தகரம் காற்றில் பறந்த ஒரு மழையில் கூழாகிப் போயிருந்தது.

திருத்தச் சொல்லி எழுதுவோம் என்று நான் சொன்னதும் சித்தி அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். "சும்மா கெடக்குறதக் கிண்டி, வந்து புடிச்சிட்டுப் போனா? நீயா டீச்சர் சோறு கொண்டு குடுப்ப?" அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஓடிப்போனவர் என்று எழுதியிருக்கும் ஒருவர், இதோ நான் இங்கே இருக்கிறேன் என்று தானே போய் நிற்பது விளையாட்டில்லை. ஆனால் சித்தப்பா அசையவில்லை. "புடிச்சா புடிக்கட்டும். ஓடினவன்னு பேர் வச்சுக்கிட்டு நான் சாகமாட்டேன்."

இராணுவத்துக்கு எழுதினேன். என் சிங்களத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பதிலும் மரியாதையாகவே வந்தது: அந்த விடுமுறைக்குப் பிறகு அவர் முகாமில் இருந்தார் என்பதற்கு, கூட வேலை செய்த இருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

அங்கேதான் சிக்கல். முகாமில் ஒருவரையொருவர் ஊர்ப் பேரால்தான் கூப்பிடுவார்களாம். இவர் 'பதுளை'. கூடச் சமைத்தவர் 'வெலிமடை'. சொந்தப் பேர் தெரியாது. வெலிமடையின் அப்பா சந்தையில் லீக்ஸ் விற்றார், அவருக்கு ஒரு காது கேட்காது. இதுதான் எங்கள் கையில் இருந்த விலாசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெலிமடைச் சந்தைக்குப் போனோம். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு என்று குவியல் குவியலாகக் கிடக்க, நான் ஒவ்வொருவரிடமும் காது கேட்காத ஒரு லீக்ஸ்காரரைப் பற்றி விசாரித்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் லீக்ஸ் வாங்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு சிங்கள அம்மா நாங்கள் சொன்னதை நிதானமாகக் கேட்டார். அந்தக் கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் இருக்கிறான் என்றார். வழி சொல்லி அனுப்பியிருக்கலாம். வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, மேட்டுப் பாதையில் எங்களுக்கு முன்னால் மூச்சு வாங்க நடந்தார். எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். "அந்த வீட்டு நாய் கடிக்கும், மகள்" என்றார், அதுதான் ஒரே காரணம் போல.

உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்ற மனிதர் சித்தப்பாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அடே மச்சாங்! பொங்கலோ பொங்கல்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தேநீர் குடிக்கும்போதுதான் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். தண்டனை முடிந்த சித்தப்பா, தைப்பொங்கலன்று விடியற்காலையில் முகாமின் பெரிய சட்டியில் பால் வைத்திருக்கிறார். பால் பொங்கி வழிந்ததும், வீட்டில் கத்துவது போலவே, பழக்கதோஷத்தில் முழுத் தொண்டையில் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திவிட்டார். போர்க்காலம். இருட்டு. தமிழில் ஒரு கூச்சல். முகாமே எழும்பிவிட்டது. காவலில் நின்றவர் துவக்கோடு பாய்ந்து வந்து சித்தப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டிவிட்டார். இவர் கரண்டியோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பிறகு எல்லோரும் அந்தச் சக்கரைப் பொங்கலை, சிங்கள வீடுகளில் செய்யும் பால்சோறான கிரிபத் என்று நினைத்துக் காரமான கட்டசம்பலோடு சாப்பிட்டார்களாம்.

"நாசமாக்கிட்டானுங்க" என்றார் சித்தப்பா.

"நீதானடா சீனியைக் கொட்டி நாசமாக்கினாய்" என்றார் வெலிமடை, சிங்களத்தில்.

இரண்டாவது சாட்சியை வெலிமடையே தேடிப் பிடித்தார். மஹியங்கனைப் பக்கம் வயல் செய்துகொண்டிருந்தவர். துவக்கை நீட்டிய அதே காவலாளி.

விசாரணை நாளில் சித்தி எங்களோடு வந்து, வெளியே கிடந்த மர வாங்கில் ஒரு பையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பையில் சித்தப்பாவுக்கு மாற்றுத் துணி. அவரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டால் தேவைப்படும் என்று யாருக்கும் சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறார்.

அதிகாரி சிரிக்காத மனிதர். அது அந்த விடுமுறைக்குப் பிறகு வந்த பொங்கல்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். மூத்த மகள் பிறந்த சேதி அன்று காலையில்தான் தனக்கு வந்தது, அந்தப் பொங்கலைத் தின்றுவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டேன், மகள் பிறந்த வருடம் மறக்குமா என்றார் வெலிமடை. அதிகாரி காவலாளியின் பக்கம் திரும்பினார். அன்று கரண்டியோடு நின்றது இவர்தானா, நிச்சயமா?

"சேர், நான் துவக்கை நீட்டிய ஒரே சமையல்காரன் இவன்தான். எப்படி மறப்பேன்?"

அதிகாரி பேனையை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். இருவருடைய வாக்குமூலத்தையும் என்னையே எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் வாசித்துப் பார்த்துவிட்டு, எங்கே சிங்களம் படித்தீர்கள் என்று கேட்டார். தோட்டப் பாடசாலையில் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

சில மாதங்களில் திருத்தம் வந்தது. பிந்தி வந்து சேர்ந்தார், பிறகு உடல்நலக் காரணத்தால் முறைப்படி விலக்கப்பட்டார். நான் தமிழில் வாசித்துக் காட்டியபோது, 'வந்து சேர்ந்தார்' என்ற இடத்தில் சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். சித்தி மட்டும், "இனி வர்றவன் போறவனுக்கெல்லாம் இந்தக் கதைதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றும் கடிதம் எழுத என்னிடம் வருகிறார்கள். முன்பெல்லாம் வந்தவர் உட்காரும் முன்னே பேனையைத் திறந்துவிடுவேன். இப்போது அதை மூடியே வைத்துக்கொண்டு, "அப்ப உங்ககூட யார் யார் இருந்தாங்க?" என்று முதலில் கேட்கிறேன், அந்தப் பேர்களைச் சொல்லச் சொல்ல அவர்களுடைய முகம் தெளிவதைப் பார்க்கையில், நான் படித்த படிப்புக்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டதாக மனது நிறைகிறது.