டேப்புகளைச் சுமந்து வந்தவர்

பழைய இயந்திரங்களின் வரலாற்றுக்காக இணையத்திலேயே ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறது சென்னையில் உள்ள ஒரு சிறிய அறக்கட்டளை. அதற்குப் பக்கங்கள் தயாரிப்பது என் வேலை. படங்களைத் தேடி, விவரங்களைச் சரிபார்த்து, அந்த இயந்திரங்களோடு வேலை பார்த்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜைதான் எனக்கு ஆபீஸ்.

தொழிற்சாலைகளுக்கு முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர்களைப் பற்றிய பக்கம் என்னிடம் வந்தபோது, என் கணவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் அவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் போகவேண்டும் என்றிருந்த காலத்து ஆள். இப்போது காவேரிப் பாலத்தருகே பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது. அவர் தலைக்குள் மிச்சமிருப்பது போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

தினமும் காபி குடித்ததும் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு எதிரில் வைத்துக் கேட்பேன். சில நாள் பேசுவார். சில நாள் கம்ப்யூட்டர் என்ற சொல்லே வராது. "அது... அந்தப் பெட்டி..." என்று கையை அசைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

ஒருநாள் காலை தானாகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு சரியான மழை. தண்ணி கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள வந்துடுச்சு. கரண்டும் போச்சு. எல்லாரும் வெளிய ஓடுறாங்க, நான் உள்ள போறேன். டேப்பெல்லாம் கீழ்த் தட்டுல இருக்கு. ஃபேக்டரியோட மொத்த விவரமும் அதுலதான். சட்டையைக் கழட்டி மூட்டையாக் கட்டி, தலைமேல வச்சுக்கிட்டு வந்தேன். திரும்பத் திரும்பப் போனேன்."

"பயமா இல்லையாங்க?"

"நான் பயந்தா டேப் நனைஞ்சுடுமே!" என்று சிரித்தார்.

ஒரு சொல் தடுமாறவில்லை. அந்தப் பதிவைப் பக்கத்தின் தலையிலேயே வைத்தேன். டேப்லெட்டில் அதைப் போட்டுக் கொடுத்தால் அடம் பிடிக்காமல் சாப்பிட்டார். மாலையில் யாராவது வந்தால், "நான் இன்டர்நெட்டுல வந்திருக்கேன்" என்று காட்டினார். நான் கொஞ்சம் தூங்க ஆரம்பித்தேன்.

அவரோடு வேலை பார்த்த ஒருவர் பார்க்க வந்திருந்தார். கைலாசபுரத்தில் இருக்கிறார். வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அது சார் இல்ல. சார் அன்னைக்கு லீவு. பாப்பாவுக்கு மொட்டை போட சமயபுரம் போயிருந்தீங்க. டேப்பைத் தூக்கிட்டு வந்தது சாரோட ஃப்ரெண்டு. இறந்துட்டார். அவங்க வீட்டம்மா துவாக்குடியிலதான் இருக்காங்க."

அவர் சொன்னதும் எனக்கு அந்த மழை ஞாபகம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் கரைந்து வழிய, மகளை என் முந்தானைக்குள் மூடிக்கொண்டு பொரிகடலைக் கடையின் தகரத்துக்கு அடியில் நாங்கள் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டு நின்றோம்.

அன்றே பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கினேன். மறுநாள் என் கணவர் டேப்லெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "என்னைக் காணோம். என்னை எங்க வச்ச நீ?" என்று கத்தினார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு அலமாரியில், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினார். பார்க்க முடியவில்லை. இறந்தவரின் மனைவியிடமே கெஞ்சிக் கேட்டுவிடுவது என்று, என் கணவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு துவாக்குடிக்குப் போனேன். தனியாக விட்டுப் போக ஆள் இல்லை.

மாடி அறைகளைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுக் கீழே இருந்தார் அந்த அம்மா. "வாங்க அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், என் கணவர் அந்த மழையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவின் முன்னாலேயே, சுவரில் மாலை போட்டிருந்த படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து, நான்தான் தூக்கினேன், நான்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். நிறுத்தவில்லை.

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் காபி இருந்தது. என் கணவருக்கு ஆற்றிக் கொடுத்தார்.

"எங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரியே சொல்றாரு. அந்தச் சிரிப்புகூட அப்படியே இருக்கு," என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பதிவு இருக்கட்டும், கீழே உங்கள் கணவர் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்றேன். சாப்பிடவே மாட்டேன் என்கிறார் என்றேன். மானத்தை விட்டு அழுதேன்.

அந்த அம்மாவும் அழுதார். ஆனால் தலையை ஆட்டினார். "வேணாம் அக்கா. அவர் எங்களுக்குன்னு பெருசா ஒண்ணும் வச்சுட்டுப் போகலை. என் பிள்ளைங்க இதைத்தான் பெருமையா சொல்லிக்குதுங்க. வேற என்ன வேணா கேளுங்க, தரேன். இதை மட்டும் என்னால குடுக்க முடியாது."

கிளம்பும்போது, படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, மாலையை எடுத்துவிட்டு, செல்போனில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

பக்கத்தைத் திருத்தி அனுப்பினேன். அந்தப் படம், அந்தப் பெயர், மழை நாளைப் பற்றி நாலு வரி. என் கணவரின் வீடியோவை டேப்லெட்டில் மட்டும் தனியாக வைத்துக் கொடுத்தேன்; பதற்றத்தில் இது எனக்கு முதலிலேயே தோன்றவில்லை. சில வாரம் பார்த்தார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். நானாகப் போட்டுக் காட்டினாலும் அதில் பேசுகிறவரை அவருக்குத் தெரியவில்லை.

போன வாரம் அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, திரையில் இருந்த வரிகளை ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பாவம்மா. மழையில என்ன பாடு பட்டிருக்காரு," என்றார்.

"ஆமாங்க," என்றேன்.