வெயிட்டிங் லிஸ்ட்டுக்கு ஒரு ஜெபக் குறிப்பு

எம்.பி.ஏ. படிக்க நான் ஆசைப்பட்ட கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அம்மா சிரித்தாள். மும்பை தாராவியில் எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்தச் சொல் ரயிலோடுதான் பழக்கம். மே மாதம் திருநெல்வேலிக்குப் போகிறவர்களில் யாருக்கு எடுத்த எடுப்பிலேயே இடம் கிடைத்திருக்கிறது?

"எத்தனாவது நம்பரு?"

"பதினொண்ணும்மா."

"பதினொண்ணுதான? பக்கா கன்ஃபர்ம் ஆயிரும். போன வருசம் நாப்பத்தி மூணாம் நம்பருக்கே பெர்த் கெடைக்கலையா?"

ரயில் வேறு, இது வேறு என்று எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சபையின் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று குறிப்பே கொடுத்துவிட்டாள்: "எம் மகளுக்கு முன்னால இருக்கவங்கல்லாம் கேன்சல் ஆகணும், எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க." ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது பேர் கண்ணை மூடி அதற்காக மன்றாடினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பொய் சொல்வானேன், ஆமென்னை மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னேன்.

எண் இறங்கியது. ஏழு, நான்கு, ஒன்று. ஒன்றில் வந்து நின்றுவிட்டது. வகுப்பு தொடங்கப் பத்து நாள் இருக்கும்போதும் ஒன்றுதான். வேலையை வேறு விட்டிருந்தேன். இதுவும் போனால் என் பிழைப்பு சந்தி சிரித்துவிடும். கடைசி வெள்ளியன்று அம்மா உபவாசம் இருந்தாள். "ஒரே ஒரு ஆள், ஆண்டவரே" என்று அன்று வாய்விட்டு ஜெபித்தது நான்தான். திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து போன் வந்தது.

விடுதியில் என் அறைத்தோழிதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். என் கட்டிலுக்கு வர வேண்டியவள் வேறொருத்தி. இருவரும் போனிலேயே சிநேகமாகி, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பதுவரை பேசி வைத்திருந்தார்களாம். ஒரு சனிக்கிழமை, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த அவளுடைய அப்பா எழுந்திருக்கவே இல்லை. தம்பி தங்கைகள் சிறியவர்கள். வரவில்லை என்று கல்லூரிக்கு எழுதிவிட்டாள்.

எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

புள்ளியியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள்தான் நான். அந்த ஜெபத்துக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று கரும்பலகையில் எழுதியே காட்டுவேன். ஆனால் அந்தக் கட்டிலில் உட்காரும்போதெல்லாம், கொஞ்சம் தள்ளி உட்கார் என்று யாரோ சொல்லப்போவதுபோல் இருக்கும். பயமாக இருந்தது.

முதல் விடுமுறையில் அம்மா என்னைச் சபைக்கு இழுத்துப் போனாள். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டுவிட்டால் எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லியாக வேண்டும். உள்ளதைச் சொல்லிவிடத்தான் எழுந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "ஆண்டவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்தார்" என்றேன். "ஸ்தோத்திரம்" என்றது சபை.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்த அக்கா ஒருத்தி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நர்சிங் கல்லூரியில் அவள் மகள் வெயிட்டிங் லிஸ்ட்டாம். ஒன்றாம் எண்.

"நீ ஜெபம் பண்ணும்மா. ஒஞ் சத்தம் அவருக்குக் கேக்குதுல்லா."