தாவீதின் கை

எங்கள் ஊர்க் கரிசல்காட்டில் ஒருமுறை, பைபிளில் கவண் கல்லால் அரக்கனை வீழ்த்தும் தாவீதின் கதையைப் படம் எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் திரைகட்டிக் காட்டுவதற்கான குறும்படம். கோவில்பட்டியிலிருந்து வேனில் கேமராவெல்லாம் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது.

தாவீது யார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. என் சித்தப்பாதான். இருபது வயதில் நாற்பது ஆடுகளைத் தனியாக மேய்த்தவர். மக்காச்சோளத்துக்குள் இறங்கும் பன்றியைக் கவண் சுற்றி விரட்டினால் குறி தப்பாது. பத்து நாளாக வசனத்தை ஆடுகளிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவை தலையாட்டின என்று என்னிடம் சத்தியம் வேறு செய்தார்.

படம் எடுக்க வந்தவர் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "தாவீது நல்ல சிவப்பு, தம்பி. உன்னை வச்சா ஜனங்க நம்ப மாட்டாங்க."

"தாவீது ராசாவும் ஆடு மேய்ச்சவருதான, அண்ணாச்சி? வெயில்ல நிக்காமலா மேய்ச்சாரு?" என்று கேட்டார் சித்தப்பா.

மதுரையிலிருந்து அழைத்து வந்திருந்த வெளுத்த பையன் ஒருவன் தாவீது ஆனான். எதிரிப் படையில் நிற்க எங்கள் தெருவையே கூப்பிட்டார்கள். கெட்டவர்களாக நின்றால் மட்டும் எங்கள் நிறத்தை ஜனங்கள் நம்புவார்களாம்! இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மதுரைப் பையன் சுற்றிய கவண் கல் நாலு தடவையும் அவன் காலடியிலேயே விழுந்தது. பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். கை மட்டும் போதுமாம். மேக்கப்காரர் அவருடைய வலது கையில் முழங்கை வரை ரோஸ் நிறத்தைப் பூசினார். சித்தப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். கல் குறி பார்த்த பனையில் போய்ப் பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் மிச்சப் பூச்சைக் கெஞ்சி வாங்கி முகமெல்லாம் அப்பிக்கொண்டு ஓடினேன். "சித்தப்பா, நானும் செவப்பாயிட்டேன், பாருங்க!"

"ஏட்டி, இங்கன வா."

ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கு என்னை இழுத்துப்போய் முகத்தைத் தேய் தேயென்று தேய்த்தார். கன்னம் எரிந்தது. என் அழகைக் கெடுத்துவிட்டார் என்று நாலு நாள் அவரோடு பேசவில்லை.

தேய்க்கும்போது அவர் கையில் அந்த ரோஸ் பூச்சு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அதைக் கழுவாமல் என் முகத்தை முதலில் கழுவ ஏன் அப்படி அவசரப்பட்டார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.