மிஞ்சி நின்ற பிள்ளை

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பகா எண் நடத்த, பன்னிரண்டு பிள்ளைகளை இரண்டு வரிசையாகவும் மூன்று வரிசையாகவும் நிறுத்தினேன், சரியாக வந்தது. அடுத்து ஏழு பேர், பிறகு பதிமூன்று பேர். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் மிஞ்சியது. இரண்டு தடவையும் செல்வியைத்தான் தள்ளி நிறுத்தினேன். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை; அந்தத் தோல் நாற்றம் அவள் பாவாடையிலும் இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டே, “மிஞ்சினது எந்த வரிசையிலயும் சேராது, பாருங்க” என்றேன். வகுப்பே சிரித்தது.

செல்வி கேட்டாள்: “டீச்சர், யார் தள்ளி நின்னாலும் கணக்கு சரியாத்தானே வரும்? ஏன் ரெண்டு வாட்டியும் என்னியே நிறுத்தினீங்க?”

கரும்பலகையைத் துடைத்துப் பாடத்தை முடித்தேன். தோல் நாற்றம் எனக்கு எப்போதோ பழகிவிட்டது. மூக்கைப் பொத்திய இந்தக் கையைப் பார்த்தால்தான் இன்றும் குமட்டுகிறது.