சின்னவளின் இருபத்தேழு துண்டுகள்

அந்த வீட்டில் மூத்த மருமகளுக்குப் பெரியவள் என்றும் இளைய மருமகளுக்குச் சின்னவள் என்றும் பெயர். மாமியார் கூப்பிடத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. பெரியவள் குடும்பம் மாடியில். சின்னவள் கீழே, மாமியாரோடு. ஓரகத்திகளுக்குள் பன்னிரண்டு வயது வித்தியாசம். ஆனால் இருவரும் செய்தது ஒரே வேலை. வம்பு அங்கேதான் தொடங்கியது.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தியும் அனுப்பலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்ட ஒரு தரவுத்தள மென்பொருள் அது. மருத்துவமனையில் நோயாளிப் பட்டியல், ரயில் நிலையத்தில் முன்பதிவு, நூலகத்தில் புத்தக விவரம் என்று எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. யார் அனுப்பும் திருத்தத்துக்கும் பேட்ச் என்று பெயர். அனுப்பத்தான் எல்லோராலும் முடியும். அதை மென்பொருளுக்குள் இணைக்கும் உரிமை மொத்தமே பத்தொன்பது பேருக்குத்தான் உண்டு. பெரியவள் அதில் ஒருத்தி. குழுவில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பட்டப்பெயர். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையும் நழுவாது.

அவள் மனதில் ஆறாத புண் ஒன்று இருந்தது. தரவுத்தளத்தில் ஒரு பட்டியல் நாளாக நாளாக ஊதிப்போகும். அழித்த வரிகளின் வெற்றிடம் உள்ளேயே கிடக்கும். அதைச் சுருக்கிச் சீராக்க வேண்டுமானால் அதுவரை யாரும் பட்டியலைத் தொடக்கூடாது. கடையைப் பூட்டிவிட்டுச் சுத்தம் செய்வது போல. பூட்டாமலே, ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருக்கும்போதே சீராக்க ஒரு வழியை ஒன்பது வருடங்களுக்கு முன் பெரியவள் எழுதினாள். பதினோராயிரம் வரி நிரல், ஒரே பேட்ச். இவ்வளவு பெரியதை யார் படிப்பது என்றார்கள். படிக்க ஒப்புக்கொண்டவர் பாதியில் வேலை மாறிப் போனார். மூன்று வருடம் மல்லுக்கட்டியவள், ஒருநாள் எல்லோரையும் வெளுத்து வாங்கி ஒரு கடிதம் எழுதிவிட்டு, பேட்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அதன்பிறகு பெரிதாக எதுவும் எழுதவில்லை. அடுத்தவர் எழுதியதைச் சலிப்பதோடு சரி.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில், “அக்கா, எனக்கும் இதுல ஏதாவது வேலை குடுங்களேன்” என்று மாடி ஏறி வந்தாள். பெரியவள் கையேட்டில் எழுத்துப்பிழை திருத்தச் சொன்னாள். பெண் ஒரு மாதத்தில் ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். அவள் ஓடவில்லை. இரண்டு வருடம் சின்னச் சின்னப் பேட்ச்களாக அனுப்பினாள். ஒவ்வொன்றும் நூறு, இருநூறு வரி. தனித்தனியாகவே பயனுள்ளவை. யார்யாரோ இணைத்தார்கள். அதில் ஒன்றைப் பெரியவளே, “சுத்தமான வேலை” என்று பாராட்டி இணைத்தாள்.

வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். அந்த வருடப் பதிப்பில் இணைப்பதற்கான கடைசித் தேதிக்கு ஏழு வாரம் இருக்கும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. சின்னவள் குழுவுக்கு ஒரு கடிதம் போட்டாள். இதுவரை போன இருபத்து நாலு துண்டுகளும் தயாரிப்பு வேலை. இன்னும் மூன்று துண்டு சேர்ந்தால், பூட்டாமலே பட்டியலைச் சீராக்கலாம்.

பெரியவள் அதைக் காலைக் காபியோடு படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை. தன் கையாலேயே அல்லவா ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்!

குழுவில் பாராட்டு குவிந்தது. அன்று மத்தியானம் மாமியார் மாடிப்படியில் நின்று, “நம்ம சின்னவ ஏதோ பெருசா பண்ணிட்டாளாமே, எங்கெங்க இருந்தோ எழுதுறாங்களாம். உனக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும் அத்தை.”

“நீயும் இதானே பண்றே?”

பெரியவள் காய்ந்த துணியை மடிப்பதில் மும்முரமானாள்.

மூன்று துண்டுகளையும் யார் சரிபார்ப்பது என்ற கேள்வி வந்தபோது, சின்னவளே சல்லடையைக் கேட்டாள். குழுவில் பலருக்கு உறவு தெரியும். சல்லடையிடம் சலுகை கிடைக்காது என்பதும் தெரியும். சரி என்றார்கள்.

பெரியவள் நாற்பத்தொரு குறை எழுதினாள். இந்தப் பெயர் நீளம், அந்த விளக்கம் குட்டை, இங்கே ஒரு வெற்று வரி அதிகம். சின்னவள் ஒவ்வொன்றையும் அன்றன்றே திருத்தி, “நன்றி அக்கா” என்று பதில் போட்டாள். அந்த நன்றியில்தான் வயிறு இன்னும் எரிந்தது.

“வெற்று வரிக்கெல்லாமா சண்டை?” என்று மகள் கேட்டாள். “சித்தி பாவம்மா.”

“உன் சித்திக்கு வக்கீல் வேலை பாக்காம போய்ப் படி.”

கணவன் செய்தித்தாளை இறக்கி, “உனக்குப் பொறாமை. வேற ஒண்ணும் இல்ல” என்றான். அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றே சண்டை போட்டு முடித்திருப்பாள்.

கடைசித் தேதிக்கு ஐந்து நாள். அவள் அறையில் பக்கமூடி கழற்றிய பழைய கணினி ஒன்று உண்டு, சோதனைக்கென்றே. சின்னவளின் பேட்சை அதில் ஓடவிட்டு, நடுநடுவே ஆளைக் கொல்வது போலத் திடீரென்று நிறுத்தினாள். மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தினாள். இருநூற்றுப் பதினேழாவது முறை, ஒரு வரி பழைய மதிப்புக்குத் திரும்பியிருந்தது. பழைய பட்டியலை விட்டுப் புதியதுக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் யாராவது ஒரு வரியை மாற்றி, இயந்திரமும் அப்போதே நின்றுபோனால், அந்த மாற்றம் காணாமல் போகிறது. மருத்துவமனையில் இப்படி நடந்தால் மருந்தின் அளவே பழையதுக்குப் போய்விடும்.

இது வெற்று வரி இல்லை. நிஜமான பிழை. அதை எப்படிச் சரிசெய்வது என்பதும் பெரியவளுக்குத் தெரியும். அவளுடைய பழைய பேட்சில் அவள் பெருமைப்பட்ட ஒரே பகுதி அதுதான்.

பிழையை மட்டும் குழுவுக்கு எழுதினாள். வழியை எழுதவில்லை. சொல்லவேண்டிய கட்டாயம் இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அனுப்பியதும் உச்சி குளிர்ந்தது. ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று இருவர் உடனே பதில் எழுதினார்கள். அவள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குளித்தாள்.

மறுநாள் சாயங்காலம் சின்னவள் மேலே வந்தாள். கண் வீங்கியிருந்தது. உட்காரவில்லை.

“அக்கா, உங்க பழைய பேட்ச்ல இதுக்கு ஒரு வழி இருக்கு. பத்து தடவை படிச்சேன். அந்த இடம் மட்டும் எனக்குப் புரியல. அதான் நானா ஒண்ணு எழுதினேன். தப்பாயிடுச்சு.”

“என் பேட்ச்சைப் படிச்சியா?”

“குழுவோட பழைய கடிதங்கள்ல கிடந்துச்சு. அதை வச்சுத்தானே துண்டு துண்டா வெட்டினேன்.”

பெரியவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “இருபத்தேழு துண்டுல ஒண்ணுல கூட என் பேர் இல்லையேம்மா.”

சின்னவள் தரையைப் பார்த்தாள். “போடத்தான் இருந்தேன். உங்க பேரைப் போட்டா அந்தப் பழைய சண்டையும் கூடவே வரும், யாரும் படிக்க மாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னார். பயந்துட்டேன். தப்புதான்.”

“யாரு சொன்னது?”

“அதை மட்டும் கேக்காதீங்க.”

இவ்வளவு நாளும் வெறும் எரிச்சலாகப் புகைந்தது, இப்போது ஒரு நியாயத்தோடு எரிந்தது. வெளியே போ என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் அந்த ஆள் சொன்ன புத்திமதி சரியானது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கடிதத்தை எழுதியது அவள்தானே. வெட்டிக் கொடுத்தால்தான் படிப்பார்கள் என்று இந்தப் பெண்ணுக்குத் தோன்றியது, தனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது.

பெரியவள் பழைய கணினியின் திரையைச் சின்னவள் பக்கம் திருப்பினாள்.

“நாற்காலியை இழுத்துப் போடு” என்றாள் பெரியவள். “மாத்துறதுக்கு முன்னாடியே மாத்தப் போறேன்னு எழுதி வச்சுடணும். எழுதினது வட்டுல பத்திரமா இறங்கின பிறகுதான் பழசை விடணும். நீ விட்டுட்டு எழுதறே.”

“அப்ப மூணாவது துண்டுல…”

“மூணாவதுல இல்ல. இது தனித் துண்டு. நான் எழுதறேன், என் பேர்ல. அதுதான் முதல்ல போகும்.”

“சரிக்கா.”

“சரின்னு சும்மா தலையாட்டாதே. இனிமே எழுதற குறிப்புல, இதை முதல்ல யோசிச்சது யாருன்னு இருக்கணும்.”

“இருக்கும்.”

மூன்று நாள் இருவரும் அந்த அறையிலேயே கிடந்தார்கள். மாமியார் இரண்டு தட்டு மேலே அனுப்பினார். பழைய கணினியை ஆயிரம் முறை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு வரியும் தொலையவில்லை. கடைசி நாள் காலை பதினோரு மணிக்குப் பெரியவள் தன் துண்டை இணைத்தாள். பிறகு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக இணைத்தாள். மூன்றாவதுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். உலகத்தில் பல மூலைகளில் இருந்த சோதனை இயந்திரங்கள் எல்லாம் சரி என்றன.

வாழ்த்துகள் எல்லாம் சின்னவளுக்கு வந்தன. பெரியவளைக் குறிப்பிட்டது இரண்டே பேர், அதிலும் ஒருவர் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். அவள் அத்தனையையும் படித்தாள்.

அடுத்த வருடம், இணைக்கும் உரிமையைச் சின்னவளுக்கும் கொடுக்கலாமா என்று பத்தொன்பது பேரிடமும் கேட்டார்கள். பதினெட்டு பேர் இரண்டு நாளில் சம்மதம் சொன்னார்கள். பெரியவள் ஆறு நாள் எடுத்துக்கொண்டாள். வேலை அதிகம் என்று கணவனிடம் சொன்னாள். ஏழாவது நாள் ‘சம்மதம்’ என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்பிவிட்டு, கீழே போய்ச் சின்னவளிடம் அவளே முதலில் செய்தியைச் சொன்னாள்.