வங்கியில் தெரிந்த மஞ்சள் நோட்டீஸ்

நான் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். முசரவாக்கத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கணவருடன் வங்கிக்குக் கடன் கேட்கப் போனேன். அதிகாரி விவரங்களைப் பார்த்துவிட்டு என் கணவரிடம், "சார், பட்டுக்கடை நஷ்டமாயி, கடனைக் கட்ட முடியாதுன்னு மஞ்சள் நோட்டீஸ் கொடுத்திருக்கீங்களே?" என்றார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு நடந்ததாம். எட்டு வருடமாக அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்தேன். பஸ்ஸில் அவர், "சொன்னா நீ போயிடுவியோன்னு பயந்துக்கினே இருந்துட்டேன்மா" என்றார்.

பிறகு அவர் பெயரைச் சேர்க்காமல், என் சம்பளத்தை மட்டும் காட்டி விண்ணப்பித்தேன். கடன் கிடைத்தது. வீடு என் பெயரில் இருக்கிறது.

இப்போது எதில் கையெழுத்துப் போடும் முன்பும், "சொல்லாதது வேற ஏதாவது இருக்குதா?" என்று அவரிடம் கேட்கிறேன். "இல்லம்மா" என்பார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்காமல் காத்திருக்கிறேன்.