எங்கண்ணன் ஏறுன தப்பு வேன்

ஃப்ரெண்ட்ஸ், எங்கண்ணன் செந்திலுக்கு வேலை கெடச்சு, ஹோமுக்கு அனுப்பற பேச்சு கேன்சல் ஆகி, எங்கம்மா நிம்மதியா சோறு உங்கறாங்க, எல்லாமே இந்த ஒரே வாரத்துல!

புதுசா வந்தவங்களுக்கு சின்ன இன்ட்ரோ.

அண்ணனுக்கு இருவத்தாறு வயசு. மூளை வளர்ச்சி கொஞ்சம் மெதுவுன்னு சின்னதுலயே டாக்டர் சொல்லிட்டாங்க. பேச்சு கம்மி. ஆனா நாம பேசறது அத்தனையும் புரியும். (முக்கியமா நாம அவனப் பத்திப் பேசறது.)

அம்மாவும் நானும் பனியன் கம்பெனி. நாங்க ஷிப்ட் போனா அவன் ஊட்டுக்குள்ள, கதவு வெளிய பூட்டு. திருப்பூர் மண்ணரைல எங்க வீதியில யாரும் இதைத் தப்பாவே நெனைக்கல. வேற என்ன பண்றதுங்க?

அம்மா ஒடஞ்சு போயி, அண்ணன் மாதிரி ஆளுங்கள வச்சுப் பாத்துக்கற வெளியூர் ஹோம் ஒண்ணுல எடம் கேட்டு வச்சுட்டாங்க. திங்கக்கிழமை கொண்டு போயி உடறதுன்னு பேச்சு.

இதுக்கு நடுவுலதான் கோகிலா அக்கா வந்துட்டு இருந்தாங்க.

நல்லூர்ல ஒரு சின்ன சென்டர் இருக்குது. அங்கிருந்து ஸ்கூட்டில ஊடு தேடி வந்து, அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு வேலையும் பழக்கமும் சொல்லிக் குடுக்கறவங்க. நான் அக்காவோட ஃபேன். (ரசிகர் மன்றத்துல தலைவி, செயலாளர், உறுப்பினர் எல்லாம் இப்போதைக்கு நாந்தான்.)

அக்கா வந்து ஊட்டுக்குள்ள உக்காரவே இல்ல. அண்ணனக் கூட்டிட்டு வீதிக்குப் போயிட்டாங்க. டீக்கடை, மளிகைக்கடை, கம்பெனி வேனுங்க நிக்கற முக்கு.

"இவரு செந்தில். அந்தப் பச்சை கேட்டு ஊடு"ன்னு எல்லார்கிட்டயும் அறிமுகம்.

நான் கேட்டேன், "அக்கா, ட்ரெயினிங் எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

"இதாங் கண்ணு ட்ரெயினிங். இது உங்கண்ணனுக்கில்ல, வீதிக்கு."

அப்புறம் ஊட்லயே, தெச்ச பனியன் பீஸ்ல நீட்டிட்டு இருக்கற நூல் பிசிறு வெட்டப் பழக்குனாங்க. நல்லூர்ல ஒரு சின்ன யூனிட்ல பேசி, ட்ரையலுக்கு அவன் உக்காந்து வேலை செய்ய ஒரு ஸ்டூலும் வாங்கிட்டாங்க.

அம்மா ஒரே கண்டிஷன்தான் போட்டாங்க. "ஏதாச்சும் ஆச்சுன்னா திங்கக்கிழமை ஹோம்தான் கண்ணு. எனக்குத் தெம்பு இல்ல."

அண்ணன் தனியா போற மொத நாள். முக்குல நிக்கணும், மொதல்ல வர்ற வேன்ல ஏறணும். அப்படித்தான் நாங்க சொல்லிக் குடுத்திருந்தோம். தெனமும் நல்லூர் வேன்தான் மொதல்ல வரும்.

அன்னைக்கு வேற ஒரு கம்பெனிக்கு அவசர ஷிப்மெண்ட். அவங்க வேன் முந்திக்கிச்சு.

(திருப்பூர்ல எல்லா வேனும் வெள்ளை. எல்லா டிரைவரும் திரும்பிப் பாக்காமயே "ஏறு ஏறு"ம்பாங்க.)

கொஞ்ச நேரத்துல நல்லூர்ல இருந்து போன். "ஏனுங்க, உங்கண்ணன் இன்னைக்கு வரலீங்களா?"

அம்மா அழுகவே இல்ல. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. "போதும் சாமி. ஹோமுக்கு போன் போடு"ன்னாங்க.

நான் கோகிலா அக்காவுக்குப் போட்டேன். வந்தவங்க நேரா டீக்கடைக்குத்தான் போனாங்க.

டீக்கடைக்காரர் பாய்லர உட்டுக் கண்ணெடுக்காமயே, "செந்திலா? காங்கேயம் ரோட்டு கம்பெனி வேன்ல போனாப்ல. வேலை மாத்திட்டாப்லயோன்னு நெனச்சேன்."

அக்கா ஸ்கூட்டிய எடுத்தாங்க, நான் பின்னால.

அந்த கம்பெனி செக்கிங் செக்ஷன்ல, ஒரு ஹிந்திக்கார அண்ணன் பக்கத்துல, கத்திரிய வச்சுட்டு எங்கண்ணன் உக்காந்திருக்கான். முன்னால வெட்டி முடிச்ச பீஸ் அடுக்கி வச்சிருக்குது.

சூப்பர்வைசர் முழிக்கறாரு. "ஏஜென்ட் அனுப்புன புது ஆளுன்னு நெனச்சோமுங்க. பேரு கேட்டேன், சிரிச்சாரு. பீஸ் குடுத்தேன், வெட்டுனாரு. இங்க இதுக்கு மேல யாரு என்னங்க கேக்கறாங்க?"

"சாரிங்க, நாங்க கூட்டிட்டுப் போயிடறோம்"னு அண்ணன் கையப் புடிச்சேன்.

கைய இழுத்துக்கிட்டான். "டீ வரட்டும்."

சூப்பர்வைசர் உடனே, "பாருங்க, அவரே சொல்றாரு. சாயங்காலம் வரைக்கும் உட்டுட்டுப் போங்களேன். நாளைக்கு கண்டெய்னர் ஏத்தணுமுங்க."

அதே நேரம் நல்லூர் ஓனர் போன், ஸ்பீக்கர்ல போட்டேன். "ஆளு கெடச்சாச்சுங்களா? சீக்கிரம் அனுப்புங்க, அவரு ஸ்டூல் சும்மா கெடக்குது."

"ஏனுங்க, எங்க ஆள இழுக்கறீங்களா?"ன்னு சூப்பர்வைசர் போன்லயே சண்டைக்குப் போயிட்டாரு. (உங்க ஆளா? ரெண்டு மணி நேரம்தானுங்க ஆச்சு.)

நான் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, அண்ணன் வேலை செய்யறதக் காட்டுனேன்.

அம்மா, "தண்ணி குடிச்சானான்னு கேளு கண்ணு"ன்னாங்க.

சாயங்காலம் அவங்களே ஹோமுக்கு போன் பண்ணுனாங்க. "எடம் வேண்டாங்க. எம் பையன் வேலைக்குப் போறானுங்க."

இப்ப அண்ணன் நல்லூர் யூனிட்லதான் இருக்கான். வேன் விஷயத்துல தப்பு எங்க மேல, அதைத் திருத்தியாச்சு. டிரைவர் அண்ணன் முக்குல நின்னு "செந்திலு"ன்னு கூப்பிடுவாரு. பேரக் கேட்டாத்தான் அவன் ஏறுவான்.

யோசிச்சுப் பாருங்க. அண்ணன் பேரு யாருக்கும் தெரியாத ஊர்ல அவன் இப்படித் தொலைஞ்சிருந்தா, எந்த டீக்கடைல போயி கேக்கறது?

ஆனா மண்ணரைக்கும் நல்லூருக்கும் சேத்து கோகிலா அக்கா ஒரே ஆளு. இன்னும் எத்தனையோ ஊட்டுக்கு அவங்களால போக முடியல.

அதனால ஞாயித்துக்கிழமை காலைல நல்லூர் சென்டர்ல கூடறோம். கவுன்சிலர் வர்றாரு. மண்ணரைக்குத் தனி சென்டர், தனி ஆளு கேக்கறோம். கெடைக்கற வரைக்கும் கேப்போம். மொதல்ல பேசப் போறது எங்கம்மா.

வர்றவங்க கமெண்ட்ல பேரு போடுங்க. எண்ணிப் பாத்து சேர் வாடகைக்கு எடுக்கணும்.

வர முடியலீன்னா உங்க கம்பெனி குரூப்ல இதைத் தட்டி உடுங்க. வேன் டிரைவருங்க இருக்கற குரூப்னா, ரெண்டு தடவ.